பிரீமெட் முதல் வருஷம்: புக்கை மூடி வச்சிட்டு படிங்கப்பா

ஆகஸ்ட் பொறந்தா போதும், எனக்கு ஃபோன் வர ஆரம்பிச்சிடும். பையன டார்ம்ல விட்டாச்சு, மினி ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுத்தாச்சு, பருப்புப் பொடியும் ஊறுகாயும் பேக் பண்ணியாச்சு, இப்படி ஊர்க் கதையெல்லாம் சொல்லி முடிச்சிட்டு கடைசில அந்தக் கேள்வி வரும், "ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் படிக்கணும்னு நீங்களே அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன், நாங்க சொன்னா எங்க கேக்கறான்". நான் இங்க அமெரிக்கால ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில ஜெனரல் கெமிஸ்ட்ரி எடுக்கறேன், பசங்க பாஷைல ஜென் கெம். பெரிய ஹால், முதல் நாள் "இங்க யார்லாம் பிரீமெட்"னு கேட்டா கை காடு மாதிரி எழும்பும், வசந்தகால செமஸ்டர் முடியறப்போ அதே கேள்விய கேட்டா பாதி கை இருக்காது. இந்தப் பாதிப் பேரு முட்டாளுங்க இல்ல, சோம்பேறிகளும் இல்ல, நெறைய பேரு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைப்ரரில உக்காந்தவங்கதான். அதனாலதான் மணிக்கணக்கு கேள்விக்கு நான் நேரா பதில் சொல்றதே இல்ல.

ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம் சொல்லிடறேன், இல்லன்னா குழம்பிடும். இங்க பன்னெண்டாவது முடிச்சதும் நேரா எம்பிபிஎஸ் கிடையாது. மொதல்ல நாலு வருஷ டிகிரி, அது எந்த சப்ஜெக்ட்ல வேணா இருக்கலாம், ஹிஸ்டரி கூட படிக்கலாம், ஆனா பயாலஜி, ஜென் கெம், ஆர்கானிக், ஃபிசிக்ஸ், பயோகெமிஸ்ட்ரின்னு ஒரு கோர்ஸ் வரிசைய லேபோட சேத்து முடிச்சிருக்கணும், எம்கேட்ங்கற நுழைவுப் பரீட்சை எழுதணும், அப்பறம்தான் மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றது. அந்த நாலு வருஷப் பாதைக்குத்தான் பிரீமெட்னு பேரு, அது ஒரு டிகிரியே இல்ல. எம்டி காலேஜுங்களுக்கு (இங்க எம்டின்னா நம்ம ஊரு எம்பிபிஎஸ் மாதிரி மொத டாக்டர் பட்டம்) மட்டும் வருஷத்துக்கு 50 ஆயிரத்துக்கு மேல அப்ளை பண்றாங்க, உள்ள போறவங்க 23 ஆயிரம் போல.

இதுல முதல் வருஷத்துக்கு ஏன் இவ்வளவு பயம்னா, அப்ளிகேஷன்ல எல்லா மார்க்கையும் கேக்கறான். பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், மேத்ஸ் நாலையும் தனியா கூட்டி ஒரு சயின்ஸ் ஜிபிஏ, அதாவது நாலுக்குப் போடற சராசரி மார்க், போடறாங்க. ஒரு கோர்ஸ்ல சி வாங்கிட்டு அடுத்த வருஷம் திரும்ப எடுத்து ஏ வாங்கினா, காலேஜ் வேணா பழச அழிச்சிட்டு புதுச மட்டும் கணக்குல எடுத்துக்கலாம், எம்டி அப்ளிகேஷன் அப்படி பண்ணாது, ரெண்டையும் சேத்துத்தான் சராசரி போடும். அதனால "மொத வருஷம் செட்டில் ஆகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்"ங்கற பேச்சு பிரீமெட்டுக்கு ஒத்து வராது. சேர்ற பசங்களோட சராசரி ஜிபிஏ 3.7க்கு மேல போய் ரொம்ப நாளாச்சு.

சரி மணி கணக்கே வேணும்னு நிக்கறவங்களுக்கு, கணக்கு இருக்கு. ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது கோர்ஸோட அளவச் சொல்ற யூனிட்டுக்கு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸ், ரெண்டு மணி நேரம் வெளில படிப்புன்னு அரசாங்க விதியே அப்படித்தான் இருக்கு. 15 கிரெடிட் எடுத்தா மொத்தம் 45 மணி, ஒரு முழுநேர வேலைக்கு மேல. ஆனா அந்த 30 மணி நேரத்துல என்ன நடக்குதுங்கறதுதான் விஷயம், அதப் பத்தித்தான் மொத்தமா எழுதலாம்னு உக்காந்தேன். பசங்க நெறைய பேருக்கு தமிழ் பேச வரும் படிக்க வராது, அதனால அப்பா அம்மா நீங்க படிச்சு சொல்லுங்க, ஆனா தயவுசெஞ்சு கார்ல போறப்போ லெக்சர் மாதிரி சொல்லாதீங்க, ஏர்ஃபோன் போட்டுக்குவாங்க.

பசங்க படிக்கறத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். ஐபேட்ல ஸ்லைடு ஓடும், பென்சில்ல வெளிர் ரோஸு, வெளிர் பச்சைன்னு ஹைலைட் பண்ணுவாங்க, ரொம்ப அழகா இருக்கும், அப்பறம் அந்த அழகான நோட்ஸ திரும்ப ஒருக்கா படிப்பாங்க, அப்பறம் இன்னொருக்கா. மூணாவது தடவை படிக்கறப்போ எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருக்கும், ஆமா ஆமா இது தெரியும் இதுவும் தெரியும்னு கண்ணு வழுக்கிட்டே போகும். அந்த வழுக்கறதுதான் ஆபத்து. பாத்ததும் அடையாளம் தெரியறது வேற, ஒண்ணுமே இல்லாத வெள்ளத் தாள்ல தானா எழுதறது வேற, பரீட்சை கேக்கறது ரெண்டாவதத்தான். யூட்யூப்ல பரோட்டா மாஸ்டர் வீசறத நூறு தடவ பாத்தவன் கைல மாவு உருண்டையக் குடுத்தா என்ன ஆகும், அதான் மிட்டர்ம்ல ஆகுது.

இது என் அனுபவம் மட்டும் இல்ல. 2006ல செயின்ட் லூயிஸ்ல இருக்கற வாஷிங்டன் யூனிவர்சிட்டில ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேரு ஒரு சோதனை பண்ணாங்க. காலேஜ் பசங்களுக்கு ரெண்டு பத்தி குடுத்தாங்க, ஒரு பத்திய ரெண்டு தடவ படிச்சாங்க, இன்னொரு பத்திய ஒரு தடவ படிச்சிட்டு மூடி வச்சிட்டு ஞாபகம் இருக்கறத எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா ரெண்டு தடவ படிச்ச பத்திதான் முன்னாடி, 81 சதவீதம், எழுதிப் பாத்த பத்தி 75. ஒரு வாரம் கழிச்சு வச்சா அப்படியே தலைகீழ், படிச்சது 42, எழுதிப் பாத்தது 56. இதுல எனக்குப் புடிச்சது அந்த மொத அஞ்சு நிமிஷக் கணக்குதான், ஏன்னா படிச்சு முடிச்ச உடனே திரும்பப் படிக்கறதுதான் ஜெயிக்கற மாதிரி தெரியுது, அதனாலதான் பசங்க அத விடவே மாட்டேங்கறாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு தனக்குத் தானே கேட்டுப் பாத்தா எல்லாம் வருதே, அப்பறம் அடுத்த வாரம் ஏன் வரல, பேப்பர் கஷ்டம், புரொஃபசர் மோசம்.

இத எழுதறப்போ நம்ம ஊரு பள்ளிக்கூடம் ஞாபகம் வராம இருக்குமா. வாய்ப்பாடு ஒப்பி, குறள் ஒப்பி, புக்க மூடி டேபிள்ல வச்சிட்டு எழுந்து நின்னு சொல்லு, தெரியலன்னா பெஞ்சு மேல ஏறு. மனப்பாடப் படிப்புன்னு அத நாம எல்லாரும் கிண்டல் பண்றோம், நானும் பண்ணிருக்கேன், ஆனா புக்க மூடச் சொன்னாங்க பாருங்க, அந்த ஒரு விஷயம் ரொம்ப சரி. தப்பா இருந்தது என்னன்னா அதே வார்த்தை, அதே வரிசை, கமா கூட மாறக்கூடாதுன்னு நின்னது. இங்க வர்ற பரீட்சைல வரிசையக் கலைச்சுப் போட்டுத்தான் கேப்பாங்க. அதனால பெஞ்சு மேல ஏத்தறத விட்டுட்டு, மூடி வச்சிட்டு சொல்றத மட்டும் எடுத்துக்கிட்டு, கேள்விய நாமளே மாத்தி மாத்திப் போட்டுக்கணும்.

எப்படி மாத்தறதுன்னு ஒரு கணக்க வச்சே காமிக்கறேன், கெமிஸ்ட்ரி மறந்து போனவங்க இந்தப் பத்தியத் தாண்டிப் போயிடலாம். அசிட்டிக் ஆசிட் 0.10 மோலார் 50 மில்லி எடுத்து அதுல 0.10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லி ஊத்தினா பிஹெச் என்ன. ஆசிட் 5 மில்லிமோல், பேஸ் 2.5, பேஸ் முழுக்கத் தீந்துடும், பாதி ஆசிட் அப்படியே மிச்சம், மீதிப் பாதி அசிட்டேட்டா மாறிடும், ரெண்டும் சமம்ங்கறதனால பிஹெச்சும் பிகேஏவும் ஒண்ணு, 4.76. கிளாஸ்ல இத போர்டுல போட்டுக் காமிச்சா எல்லாரும் தலையாட்டுவாங்க. இப்ப 25ங்கறத 20ஆ மாத்துங்க. ஆசிட் 3 மிச்சம், அசிட்டேட் 2, லாக் போட்டா 4.58, இதுவும் வந்துடும். இப்ப அதையே 50 மில்லின்னு மாத்துங்க, அங்கதான் ஹாலே திணறும். ஹெண்டர்சன் ஹேசல்பால்க் ஃபார்முலாவ எடுத்துப் போட்டுட்டு அஞ்சு பை பூஜ்யத்துக்கு லாக் எடுக்க கால்குலேட்டரத் தட்டிட்டே இருப்பாங்க, அது எரர் எரர்னு காட்டும். ஆசிட்டே மிச்சம் இல்ல, பஃபரும் இல்ல, இப்ப அங்க இருக்கறது வெறும் அசிட்டேட், அதுவும் மொத்தம் 100 மில்லில 0.050 மோலார், அது தண்ணியோட சேந்து பேஸ் மாதிரி நடந்துக்கும், பிஹெச் 8.7 பக்கம் வரும், அதாவது ஆசிட்டும் பேஸும் சரிசமமா ஊத்தியும் ஏழு வரல. மூணும் ஒரே கணக்குதான், ஒரே ஒரு நம்பரத்தான் மாத்தினோம், ஆனா மூணாவதப் போட முடிஞ்சவனுக்குத்தான் ஃபார்முலா எங்கருந்து வந்துச்சுன்னு தெரியும்.

ஆக ஹோம்வொர்க் கணக்கு ஒண்ண முடிச்சதும் அடுத்ததுக்கு ஓடாம, அந்தக் கணக்குலயே ஒரு நம்பர மாத்து, ஒரு பொருள மாத்து, கேள்விய பின்னாலருந்து கேளு, பிஹெச் குடுத்து எத்தன மில்லி ஊத்தணும்னு கேளு. பத்து கணக்க அவசரமாப் போடறதுக்கு நாலு கணக்க இப்படிப் புரட்டறது எவ்வளவோ மேல்னு நான் சொல்லுவேன். விடைப் புத்தகத்தப் பக்கத்துல தொறந்து வச்சிட்டு கணக்குப் போடறதுக்கு பேரு படிப்பு இல்ல, அது காப்பி எழுதறது. இப்ப சாட்ஜிபிடி வேற வந்துடுச்சு, அது படிப்படியா எவ்வளவு அழகா விளக்குது தெரியுமா, படிக்கப் படிக்க புரிஞ்ச மாதிரியே இருக்கும், அதே வழுக்கல்தான். அதுகிட்ட விடை கேக்காத, கேள்வி கேக்கச் சொல்லு, நீ எழுதின விடைல எந்த எடத்துல தப்புன்னு மட்டும் காட்டச் சொல்லுன்னு என் பசங்ககிட்ட சொல்றேன். அதுவும் சில நேரம் கூசாம தப்பா சொல்லும், அதக் கண்டுபுடிக்கறது கூட ஒரு நல்ல பயிற்சிதான்னு வைங்க.

பயாலஜி கதை வேற மாதிரி. அங்க விஷயம் மலை மாதிரி கொட்டும், ஒரு சேப்டருக்கே அம்பது புது வார்த்தை, அதனால பசங்க கார்டு போட்டு மனப்பாடம் பண்ணியே ஓட்டிடலாம்னு நெனைக்கறாங்க. கிளைகாலிசிஸ எடுத்துக்கோங்க, செல்லு க்ளூகோஸ உடைக்கற வழி, பத்துப் படி, பத்து என்சைம். வெள்ளத் தாள எடுத்து க்ளூகோஸ்ல ஆரம்பிச்சு பைருவேட் வரைக்கும் எதையும் பாக்காம வரைஞ்சு பாக்கணும், எங்க ரெண்டு ஏடிபி (செல்லோட எரிபொருள்னு வைங்க) செலவாகுது, எங்க நாலு வருது, எந்த எடத்துல என்ஏடிஹெச் வருதுன்னு குறிக்கணும், நின்னு போன எடத்துல சிவப்பு மையில ஒரு கோடு போட்டுட்டு அப்பறமா புக்கத் தொறந்து அந்த எடத்த மட்டும் பாக்கணும். மறு நாள் புதுத் தாள். அதோட விடக்கூடாது, பரீட்சைல வரப் போறது "ஆக்சிஜன் இல்லன்னா ஏன் லாக்டேட் உருவாகுது"ங்கற மாதிரி கேள்வி, என்ஏடி பிளஸ் திரும்பக் கிடைக்கலன்னா கிளைகாலிசிஸே நின்னுடும்னு புரிஞ்சவனுக்கு அது ரெண்டு வரி பதில். இன்னொண்ணு, சயனைடு குடுத்தா ஆக்சிஜன் செலவு கூடுமா குறையுமா, டிஎன்பிங்கற இன்னொரு விஷத்தக் குடுத்தா என்ன ஆகும். சயனைடு எலக்ட்ரான் சங்கிலியோட கடைசி எடத்த அடைச்சிடுது, ஆக்சிஜன் செலவு நின்னு போயிடும். டிஎன்பி சங்கிலிய அடைக்காது, சவ்வ ஓட்டையாக்கின மாதிரி புரோட்டான உள்ள விட்டுடுது, அதனால ஆக்சிஜன் செலவு கூடும், ஏடிபி குறையும், உடம்பு கொதிக்கும். ரெண்டுமே விஷம், ரெண்டும் ஆளக் கொல்லும், ஆனா ஒண்ணுல ஆக்சிஜன் மீட்டர் கீழ இறங்கும் ஒண்ணுல மேல ஏறும், வெறும் கார்டு போட்டவன் இங்க மாட்டிக்குவான்.

அதுக்காக கார்டே வேணாம்னு சொல்லல. ஆங்கின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, ஐஃபோன்ல மட்டும் காசு கேக்கும், நீங்க மறக்கப் போற நேரமாப் பாத்து அந்தக் கார்ட திரும்பக் காமிக்கும், மெடிக்கல் ஸ்கூல் பசங்க அதுலயே குடித்தனம் நடத்தறாங்க. முதல் வருஷத்துக்கு என் ஒரே நிபந்தனை, யாரோ செஞ்ச ஆயிரக்கணக்கான கார்ட டவுன்லோட் பண்ணாம நீயே செய், ஒரு கார்டுல ஒரே கேள்வி, முடிஞ்ச வரைக்கும் "ஏன்" கேள்வி. கிளாஸ் முடிஞ்ச அன்னிக்கே செஞ்சுடணும், வாரக் கடைசிக்குத் தள்ளி வச்சா பாதி மறந்திருக்கும். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரரு 1885லயே அர்த்தமில்லாத அசைங்கள மனப்பாடம் பண்ணி தனக்குத் தானே டெஸ்ட் வச்சு வச்சு இத எழுதி வச்சிட்டாரு, மறதில பெரும் பகுதி மொத நாள்லயே நடந்து முடிஞ்சுடுது, அதுக்கப்பறம்தான் வேகம் குறையுது. அதனால அன்னிக்கு சாயங்காலம் இருபது நிமிஷம், ரெண்டு நாள் விட்டு கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம்னு பிரிச்சுப் படிச்சா பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூங்கலாம். தூங்கணும், அவ்வளவுதான், தூக்கம் முழிச்சு படிச்சதப் பத்தி பெருமையா பேசறவங்களோட பேப்பர நான் திருத்திருக்கேன்.

இன்னொரு விஷயம் பசங்க சுத்தமா நம்பவே மாட்டாங்க. புக்ல கணக்கெல்லாம் சேப்டர் வாரியா இருக்கும், கேஸ் லா (வாயு விதி) சேப்டர்ல எல்லாமே கேஸ் லா, அதனால எந்த ஃபார்முலான்னு யோசிக்கவே வேணாம், தலைப்பே சொல்லிடும். பரீட்சைத் தாள்ல தலைப்பு இருக்காதே. 2007ல ரோரர், டெய்லர்னு ரெண்டு பேரு கணக்குப் பாடத்துல இதப் பரிசோதிச்சாங்க, ஒரே வகைக் கணக்கா அடுத்தடுத்துப் போட்டவங்க பயிற்சி நேரத்துல 89 சதவீதம் சரியாப் போட்டாங்க, கலந்து போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வச்சா மொத கூட்டம் 20, கலந்து போட்ட கூட்டம் 63. இருபதுக்கும் அறுபத்து மூணுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க. அதனால மூணு சேப்டர் முடிஞ்சதும் அதுலருந்து கணக்கக் கலைச்சு எடுத்து, சேப்டர் பேரு தெரியாத மாதிரி ஒரு தாள்ல எழுதிப் போடச் சொல்றேன், நெறைய பேரு ஒரு தடவ பண்ணிட்டு "ஆன்ட்டி இது ரொம்ப மெதுவாப் போகுது, நெறைய தப்பு வருது"ன்னு விட்டுடறாங்க. தப்பு வர்றதுக்குத்தானே கண்ணா பண்றது, பரீட்சைல வர்ற தப்பு வீட்டுலயே வந்துட்டுப் போகட்டுமே.

தனியாப் படிக்கறதா கூட்டமா படிக்கறதாங்கறதுக்கு, ரெண்டும்னுதான் சொல்லணும். 1970கள்ல பெர்க்லில யூரி ட்ரைஸ்மன்னு ஒரு மேத்ஸ்காரரு, கால்குலஸ்ல எந்தப் பசங்க ஜெயிக்கறாங்க எந்தப் பசங்க தோக்கறாங்கன்னு அவங்க கூடவே இருந்து பாத்தாரு. கறுப்பினப் பசங்க நல்லா உழைச்சாங்க, ஆனா ஹைஸ்கூல்ல இருந்தே தனியாவே படிச்சுப் பழகினவங்க, எங்க தப்பு பண்றோம்னு சொல்ல பக்கத்துல ஆளில்ல. சீன அமெரிக்கப் பசங்க மொதல்ல தனித்தனியாப் போட்டுட்டு ராத்திரி ஒண்ணா உக்காந்து விடைய ஒப்பிட்டு சண்டை போட்டாங்க. அதப் பாத்து அவரு நடத்தின வொர்க்ஷாப் ஒரு மாடலாவே ஆயிடுச்சு, நெறைய காலேஜ்ல பின்பத்தினாங்க. கவனிக்க வேண்டியது அந்த "மொதல்ல தனியா"தான், நம்ம பசங்க ஸ்டடி குரூப்னு சேந்தா மொத கணக்குலருந்தே ஒருத்தன் போடுவான் மத்தவங்க எழுதிக்குவாங்க, நடுவுல போபா டீ வாங்கப் போவாங்க.

ஆபீஸ் அவர்ஸ், அதாவது பசங்க வந்து சந்தேகம் கேக்கறதுக்காக புரொஃபசர் ரூம்ல இருக்கற நேரம். நம்ம வீட்டுப் பசங்களுக்கு புரொஃபசர் ரூம் கதவத் தட்டறதுன்னா ஒரு தயக்கம், முட்டாள்தனமா கேட்டுடுவோமோன்னு, அது நம்ம வளர்ப்புலருந்தே வருதுன்னு எனக்கு ஒரு சந்தேகம், வாத்தியார் முன்னாடி போனாலே ஏதோ தப்பு பண்ணிட்டோம்னுதானே அர்த்தம் நமக்கு. இங்க அப்படி இல்ல, நான் வாரத்துக்கு ரெண்டு நாள் கதவத் தொறந்து வச்சிட்டு ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கேன், பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் வராண்டா வரைக்கும் க்யூ நிக்கும். வர்றப்போ "எனக்கு சேப்டர் அஞ்சு புரியல"ன்னு வராதீங்க, அதுக்கு நான் என்ன பண்ண முடியும், நீங்க போட்டுப் பாத்த தாளக் கொண்டு வந்து "இந்த வரி வரைக்கும் வந்துட்டேன், இதுக்கு மேல போகல"ன்னு காமிங்க, அஞ்சே நிமிஷத்துல முடியும். இன்னொரு லாபமும் இருக்கு, மெடிக்கல் ஸ்கூல் அப்ளிகேஷனுக்கு சிபாரிசுக் கடிதம் வேணும், நெறைய எடத்துல சயின்ஸ் வாத்தியார் ரெண்டு பேர்கிட்டருந்தே கேப்பாங்க, பெரிய ஹால்ல கடைசி வரிசைல உக்காந்து ஏ வாங்கின பையன் மூணு வருஷம் கழிச்சு மெயில் போட்டா அவனப் பத்தி நான் எழுத என்ன இருக்கு, ஏ வாங்கினான்னு எழுதலாம், அது மார்க்ஷீட்லயே இருக்கு.

பேப்பர் திரும்பி வந்ததும் பெரும்பாலானவங்க மார்க்கப் பாத்துட்டு பைல சொருகிடறாங்க. அன்னிக்கு ராத்திரியே அத எடுத்து வச்சிட்டு, விட்ட ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்துல ஏன்னு ஒரு வார்த்தை எழுதுங்க. சும்மா "கேர்லெஸ் மிஸ்டேக்"னு எழுதறது செல்லாது, அது எல்லாரும் சொல்ற சாக்கு. யூனிட் மாத்த மறந்தேன், கேள்விய தப்பாப் படிச்சேன், விஷயமே தெரியாது, தெரியும் ஆனா நேரம் போதல, இப்படி. பசங்கள எழுத வச்சுப் பாத்தா ஒவ்வொருத்தருக்கும் ஒரு வியாதி தனியாத் தெரியும். ஒரு பொண்ணு எல்லாக் கணக்கும் சரியாப் போடுவா, ஆனா லிமிட்டிங் ரீஏஜென்ட், அதாவது மொதல்ல தீந்து போற பொருள், எதுன்னு பாக்கறதுக்கு மோல் கணக்குக்குப் பதிலா கிராம ஒப்பிட்டுடுவா, மூணு க்விஸ்லயும் அதே எடம், அவளுக்கு அது ஒரே தப்புன்னு தெரியவே இல்ல, ஏதோ ஸ்டாய்க்கியோமெட்ரியே வராதுன்னு நெனச்சு முழு சேப்டரயும் திரும்பத் திரும்பப் படிச்சிட்டு இருந்தா.

இப்ப அப்பா அம்மாவுக்கு. உங்க பையன் மொத மிட்டர்ம்ல 62னு சொன்னா பதறாதீங்க, கிளாஸ் சராசரி எவ்வளவுன்னு மொதல்ல கேளுங்க, சராசரி 55ஆ இருந்தா சில கிளாஸ்ல 62க்கு பி வரலாம், கர்வ், அதாவது கிளாஸ் சராசரிய வச்சு கிரேடு போடறது, இல்லாத கிளாஸ்னா வேற கதை, சிலபஸ்ல எழுதியிருக்கும். நூத்துக்கு தொண்ணூத்தெட்டு வாங்கியே பழகின புள்ளைக்கு அந்த 62 ஏற்கனவே அடிச்சிருக்கும், நீங்க வேற "அவங்க வீட்டுப் பொண்ணு என்ன மார்க்"னு ஆரம்பிக்காதீங்க. மார்க் கேக்கறதுக்குப் பதிலா "இந்த வாரம் என்ன படிச்ச, எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்"னு கேட்டுப் பாருங்க, ஃபோன்ல பத்து நிமிஷம் அம்மாவுக்கு சயனைடு விளக்கறதும் புக்க மூடி வச்சு ஒப்பிக்கறதுதானே, அதுக்கு உங்களுக்கு கெமிஸ்ட்ரி தெரியணும்னு அவசியமே இல்ல, தெரியாம இருந்தா இன்னும் நல்லது, குறுக்கால "ஏன்"னு கேப்பீங்க.

எம்கேட் புக்க மட்டும் இப்பவே வாங்கிக் குடுத்துடாதீங்க, போன வருஷம் ஒருத்தர் பிறந்தநாள் பரிசா ஒரு முழு செட் வாங்கிக் குடுத்தாரு, பாவம் அந்தப் பையன் மூஞ்சி. 230 கேள்வி, இடைவேளை எல்லாம் சேத்து ஏழரை மணி நேரம் உக்காரணும், 472லருந்து 528 வரைக்கும் மார்க், அதுல பாதி விஷயம் இன்னும் அவன் படிக்கவே ஆரம்பிக்கல, பயோகெமிஸ்ட்ரியே மூணாவது வருஷம்தான் நெறைய பேருக்கு வரும். ஆனா அதுல ஒரு பகுதி வெறும் பத்தியப் படிச்சு பதில் சொல்றது, தத்துவம், வரலாறு, கலைன்னு வரும், அதுக்கு கடைசி மூணு மாசத்துல தயாராக முடியாது, அதனால இப்பலருந்தே பாடத்துக்கு வெளில எதையாவது படிக்கற பழக்கம் இருந்தா நல்லது, நாவலோ பத்திரிகையோ எதுவோ.

அப்பறம் ஹைஸ்கூல்ல ஏபிங்கற காலேஜ் லெவல் பரீட்சை எழுதி கிரெடிட் வாங்கின பசங்க, ஜென் கெமத் தாண்டி மொத செமஸ்டர்லயே ஆர்கானிக் எடுக்கலாமான்னு கேப்பாங்க. சில மெடிக்கல் ஸ்கூல் ஏபி கிரெடிட்ட ஒத்துக்காது, சிலது அதுக்கு பதிலா மேல் கோர்ஸ் கேக்கும், அத ஒவ்வொரு ஸ்கூல் வெப்சைட்லயும் பாத்துக்கணும். என்னக் கேட்டா ஏபில அஞ்சு வாங்கிருந்தாலும் அந்த 50 மில்லி கணக்கப் போட்டுப் பாருங்க, வரலன்னா ஜென் கெம்லயே உக்காருங்க, வந்துச்சுன்னா போங்க. மொத செமஸ்டர்ல ரெண்டு லேபுக்கு மேல வேணாம். கோர்ஸ விட்டு விலக ரெண்டு தேதி இருக்கும், மொத தேதிக்குள்ள விட்டா மார்க்ஷீட்ல சுவடே இருக்காது, ரெண்டாவது தேதிக்குள்ள விட்டா டபிள்யூன்னு விழும், ஒரே ஒரு டபிள்யூவால யார் வாழ்க்கையும் கெட்டதில்ல, டி விழறதுக்கு அது எவ்வளவோ தேவல. ரெண்டு தேதியும் காலேஜ் காலண்டர்ல இருக்கு, இன்னிக்கே ஃபோன்ல போட்டு வச்சுக்கச் சொல்லுங்க. ஆர்கானிக் பத்திக் கேட்டு ரெண்டு பேரு மெயில் போட்டிருந்தீங்க, அது பெரிய கதை, தேங்க்ஸ்கிவிங் லீவுல எழுதறேன்.